தீவு நாட்டுக்குக் காலநிலைச் சட்டம் எழுதுவது எப்படி: பிஜியை முன்வைத்து

சிறு தீவு நாடுகளின் காலநிலைச் சட்ட வரைவுகளைப் புரட்டினால் பாதிப் பக்கங்கள் உமிழ்வு இலக்குகளுக்கே போயிருக்கும். அந்த நாடுகள் எல்லாம் சேர்ந்து வெளியிடும் பசுங்குடில் வாயுவே உலகக் கணக்கில் ஒரு சதவீதத்தைத் தொடாது. அங்கே சட்டம் செய்ய வேண்டிய வேலை வேறு. கடல் ஏறும் கிராமத்தை யார் நகர்த்துவது, எந்த நிலத்துக்கு, யார் பணத்தில்? கரை தேய்ந்தால் நாட்டின் கடல் எல்லை என்ன ஆகும்? வெளிநாட்டுக் காலநிலை நிதிக்கு யார் கையெழுத்துப் போடுவது? இவற்றுக்குப் பதவியும் தேதியும் தொகையும் சொல்லாத சட்டம் மாநாட்டு மேடையில் காட்டத்தான் உதவும்.

பிஜியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2021 செப்டம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய காலநிலை மாற்றச் சட்டம், தீவு நாடுகளின் சட்டங்களில் மிக விரிவானவற்றுள் ஒன்று. 330-க்கும் மேற்பட்ட தீவுகள், அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் குடியிருப்பு, 2017 கணக்கெடுப்பில் 8,84,887 பேர். 2016 பிப்ரவரி 20 அன்று அடித்த வின்ஸ்டன் புயலில் 44 பேர் இறந்தார்கள். சேதமும் இழப்பும் நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஒரே இரவில் இப்படி அடிவாங்கும் நாட்டுக்குச் சட்டம் எழுதுகிறோம் என்பதை வரைவு மேசையில் மறக்கக் கூடாது.

தனிச் சட்டம் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லா நாட்டுக்கும் நூறு பிரிவு கொண்ட சட்டம் தேவையில்லை. மைக்ரோனேசியக் கூட்டாட்சி 2013-லேயே சிறிய சட்டம் ஒன்றை இயற்றியது. துறைகள் திட்டம் தயாரிக்க வேண்டும், அறிக்கை தர வேண்டும் என்பதே அதன் சாரம். வனுவாட்டு 2016-இல் வானிலை, எரிமலை, நிலநடுக்கம், காலநிலை எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கிரிபாட்டி 2019-இல் பேரிடர் மேலாண்மையையும் காலநிலையையும் சேர்த்தது. ஆள் குறைந்த நாட்டுக்கு இந்தச் சேர்ப்பு புத்திசாலித்தனமானது. புயலுக்கு ஒரு குழு, காலநிலைக்கு இன்னொரு குழு என்று போட்டால் இரண்டிலும் அதே ஆறு பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

தனிச் சட்டம் தேவைப்படும் சூழல்கள் மூன்று. இப்போதுள்ள எந்தச் சட்டத்திலும் இல்லாத புதிய உரிமை ஒன்றை உருவாக்க வேண்டியிருப்பது (கார்பன் உரிமை போல). ஒரு துறை இன்னொரு துறையின் முடிவைக் கட்டுப்படுத்த வேண்டியிருப்பது. பொதுப் பணத்தை ஆண்டு முடிவில் காலாவதியாகாமல் பூட்டி வைக்க வேண்டியிருப்பது. மூன்றும் இல்லையென்றால் இருக்கிற சட்டங்களில் பத்துத் திருத்தம் போடுவது வேகமான வழி.

சட்டத் தணிக்கை: வரைவுக்கு முன் செய்ய வேண்டிய அலுப்பான வேலை

நடப்பில் உள்ள சட்டங்களை அட்டவணைப்படுத்துங்கள். ஆறு பத்திகள் போதும்: சட்டம், பிரிவு எண், அதிகாரம் யாருக்கு, காலநிலையோடு எங்கே முட்டுகிறது, திருத்தமா நீக்கமா, எந்த அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். பிஜியில் இந்தப் பட்டியலில் குறைந்தபட்சம் வர வேண்டியவை: 2013 அரசியலமைப்பு, 1940-இன் ஈதௌகேய் (பிஜியின் பூர்வகுடி மக்கள்) நில அறக்கட்டளைச் சட்டம், 1976-இன் விவசாயக் குத்தகைச் சட்டம், 1977-இன் கடற்பரப்புச் சட்டம், 2005-இன் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம், 2015-இன் கம்பெனிச் சட்டம். இவற்றோடு நகரமைப்பு, காடு, மீன்வளம், அரசு நிதி மேலாண்மை.

அட்டவணை ஏன் தேவை என்பது ஒரு கடல் தடுப்புச் சுவரைப் பார்த்தாலே தெரியும். கிராமத்தார் கேட்பது அறுபது மீட்டர் சுவர். சுவரின் அடித்தளம் உயர்நீர்க்கோட்டுக்குக் கீழே போகிறது, அது அரசு நிலம். எனவே நிலத்துறை அனுமதி வேண்டும். அந்தக் கடலில் மீன்பிடிக்கும் மரபுரிமை ஒரு குலத்தாருக்கு இருக்கும், அவர்கள் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் அல்லது இழப்பீடு பெற வேண்டும். சுவரின் பின்பக்கம் ஈதௌகேய் நிலம், அதற்கு நில அறக்கட்டளை வாரியம். நடுவில் கண்டல் மரங்கள் இருந்தால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. ஒரு சுவருக்கு நான்கு கதவு. புதிய சட்டம் இந்த நான்கையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்க்கவில்லை என்றால், அது ஐந்தாவது கதவாகத்தான் நிற்கும்.

இந்த வேலைக்கு மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். அவசரம் என்று தாண்டிப் போகும் நாடுகள் பிறகு நீதிமன்றத்தில் நேரம் செலவழிக்கின்றன, ஏனென்றால் பழைய சிறப்புச் சட்டத்துக்கும் புதிய பொதுச் சட்டத்துக்கும் முரண் வந்தால் பழையதே நிற்கும் என்று வாதிட இடம் இருக்கும். எந்தச் சட்டம் மேலோங்கும் என்று பிரிவுவாரியாகச் சொல்லுங்கள். "வேறெந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும்" என்ற ஒற்றை வரியை எல்லா இடத்திலும் ஒட்டுவது சோம்பேறித்தனம். அரசியலமைப்பு காக்கும் நில உரிமையின் மேல் அந்த வரி செல்லாது.

வரைவு அறிவுறுத்தல்

மசோதாவைச் சட்ட வரைவாளர் எழுதுவார். அவருக்கு என்ன எழுத வேண்டும் என்று சொல்லும் ஆவணத்தைக் கொள்கைத் துறை தர வேண்டும். இது பதினைந்து, இருபது பக்கத்தில் இருந்தால் போதும். ஒவ்வொரு கருத்துக்கும் ஐந்து கேள்விக்கு விடை எழுதுங்கள்: யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளில், யாரிடம் தர வேண்டும், செய்யாவிட்டால் என்ன. ஐந்தாவது கேள்விக்கு விடை எழுத முடியாத கருத்தை முகவுரைக்கு அனுப்பிவிடுங்கள்.

வெளிநாட்டு ஆலோசகர்கள் பெரிய நாட்டுச் சட்டம் ஒன்றை மாதிரியாகக் கொண்டுவருவார்கள். அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டை அது. சுயேச்சையான காலநிலை ஆணையம், ஐந்தாண்டுக் கார்பன் பட்ஜெட், துறைவாரி மாதிரிக் கணக்கீடு எல்லாம் அதில் இருக்கும். சில நூறு நிபுணர்கள் உள்ள நாட்டில் அது ஓடும். மொத்தக் காலநிலைப் பிரிவிலும் ஒற்றைக் கை விரல் எண்ணிக்கையில் ஆள் இருக்கும் இடத்தில் ஓடாது.

ஆகவே மசோதாவோடு ஒரு வேலைக் கணக்கு இணையுங்கள். எடுத்துக்காட்டுக்கு, பிரிவில் 8 பேர், ஆளுக்கு ஆண்டில் 44 வேலை வாரம் என்றால் மொத்தம் 352 ஆள்வாரம். மசோதா விதிக்கும் ஒவ்வொரு கடமைக்கும் எத்தனை ஆள்வாரம் பிடிக்கும் என்று எதிரே எழுதுங்கள். வாயுக் கணக்கெடுப்பு, நாடாளுமன்ற ஆண்டறிக்கை, தகவமைப்புத் திட்டம், இடமாற்ற மதிப்பீடுகள், குழுக் கூட்டங்களுக்கான தாள்கள். கூட்டுத்தொகை 352-ஐத் தாண்டினால் இரண்டே வழி: பதவிகளை மசோதாவின் நிதிக் குறிப்பிலேயே கேளுங்கள், அல்லது கடமைகளை வெட்டுங்கள். தாண்டியும் விட்டுவைத்தால் முதல் பலி ஆண்டறிக்கை, அடுத்த பலி வாயுக் கணக்கெடுப்பு.

பாரிஸ் ஒப்பந்தமே இதைப் புரிந்துவைத்திருக்கிறது. ஈராண்டு வெளிப்படைத்தன்மை அறிக்கையைச் சிறு தீவு நாடுகள் தங்கள் வசதிப்படி தரலாம் என்ற சலுகை உண்டு. உள்நாட்டுச் சட்டத்தில் "இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம்" என்று எழுதி அந்தச் சலுகையை நீங்களே பறித்துக்கொள்ள வேண்டாம். தேசிய பங்களிப்பு இலக்கு (அந்த ஒப்பந்தத்தின்கீழ் ஒவ்வொரு நாடும் தானே அறிவிக்கும் காலநிலை இலக்கு) ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பது மட்டும் கட்டாயம். மற்றக் காலக்கெடுக்களை அதோடு ஒட்டி வையுங்கள்.

அமைப்பு: குறைவாகப் போடுங்கள்

பிஜிச் சட்டத்தில் ஒருங்கிணைப்புக் குழு, கடல் கொள்கைக்கு ஒரு குழு, இடமாற்றத்துக்குப் பணிக்குழு, தனியார் துறைக்கு ஆலோசனைக் குழு என்று பல உண்டு. படிக்க நிறைவாக இருக்கும். மூன்று லட்சம் பேர் உள்ள நாடு இதை அப்படியே எடுக்கக் கூடாது. மொரீஷியஸ் 2020 சட்டத்தில் பிரதமர் தலைமையில் அமைச்சர்கள் மன்றம், அதன் கீழே ஒரு குழு, ஒரு துறை என்று அடுக்கியது. சிறிய நாட்டுக்கு இது ஏற்ற வடிவம்.

எந்த வடிவமானாலும் நான்கு விஷயம் பிரிவிலேயே இருக்கட்டும்: கூட்டத்துக்கான குறைந்தபட்ச எண்ணிக்கை, செயலர் வர முடியாவிட்டால் யார் வரலாம், ஆண்டில் எத்தனை கூட்டம், கூட்டாவிட்டால் யார் கூட்டலாம். இரண்டாவதுதான் அடிக்கடி கவிழ்க்கும். செயலர்கள் பாதி நாள் வெளிநாட்டு மாநாட்டில் இருப்பார்கள், பதிலுக்கு வரும் இளநிலை அலுவலருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்காது. "துணைச் செயலர் பதவிக்குக் குறையாத, முடிவெடுக்க எழுத்து அதிகாரம் பெற்ற" என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும் பன்னாட்டு அமைப்பான பசுமைக் காலநிலை நிதியத்திடம் எந்தத் திட்டம் போனாலும், நாட்டின் நியமிக்கப்பட்ட அதிகாரி "ஆட்சேபம் இல்லை" என்று கடிதம் தர வேண்டும். அந்த அதிகாரி யார், எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் எழுத வேண்டுமா என்பதைச் சட்டத்தில் பூட்டுங்கள். நிதியமைச்சர் மாறும்போதெல்லாம் இந்தக் கையெழுத்து அறை மாறிப் போவதால் திட்டங்கள் மாதக்கணக்கில் நிற்கும். பிஜி மேம்பாட்டு வங்கி 2017-இல் அந்த நிதியத்தின் நேரடி அங்கீகாரம் பெற்றது. இப்படி உள்நாட்டு நிறுவனம் ஒன்று இருந்தால், கையெழுத்திடுபவரும் பணம் பெறுபவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்ற பிரிவும் வேண்டும்.

கிராமத்தை நகர்த்துவது

சட்டத்தின் இதயம் இதுதான். நேரமும் இங்கேதான் செலவாக வேண்டும்.

வனுவா லெவு தீவின் வுனிந்தோங்கோலோவா கிராமம் 2014-இல் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உள்ளே நகர்ந்தது. 30 வீடுகள். அங்கே காரியம் நடந்ததற்கு முக்கியக் காரணம், புதிய இடமும் அவர்கள் குலத்துக்குச் சொந்தமாக இருந்தது. கந்தாவு தீவுக்கு அருகே ஓனோ தீவின் நரிகோசோ கிராமத்தில் கதை வேறு. மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்யும் வேலை 2012-இல் முறையான சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்கு முன்பே தொடங்கியது. மண் அரிப்பு கூடியது. திட்டம் திரும்ப எழுதப்பட்டு, 2020-இல் ஏழு வீடுகள் மட்டும் நகர்ந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பிரிவில் எந்த வரிசையை எழுத வேண்டும் என்பது தெளியும்: நில உரிமை, மண் சோதனை, தாக்க மதிப்பீடு, அதற்குப் பிறகுதான் இயந்திரம்.

பிஜி 2018-இல் இடமாற்ற வழிகாட்டுதலையும், 2019-இல் இதற்கென நிதி அறக்கட்டளைச் சட்டத்தையும், 2021-இல் பெருஞ்சட்டத்தையும், 2023-இல் நடைமுறை விதிகளையும் கொண்டுவந்தது. இந்த வரிசை தற்செயலாக அமைந்திருக்கலாம், ஆனாலும் பின்பற்றத் தகுந்தது. வழிகாட்டுதலை முதலில் ஓட்டிப் பார்த்தால் எந்த வாக்கியம் களத்தில் நொறுங்குகிறது என்பது சட்டமாகும் முன் தெரிந்துவிடும்.

ஒரு பிரிவை அருகில் வைத்துப் பார்க்கலாம். வழக்கமாக எழுதுவது:

"கடல்மட்ட உயர்வால் பாதிக்கப்படும் சமூகங்களின் இடமாற்றத் தேவைகளுக்கு அரசு உரிய முன்னுரிமை அளிக்கும்."

இதை வைத்துக்கொண்டு எந்தக் கிராமத்தாரும் எந்த அலுவலகத்திலும் எதையும் கேட்க முடியாது. நாங்கள் பரிந்துரைக்கும் மாதிரி:

"(1) ஒரு கிராமமோ குடியிருப்போ எழுத்தில் விண்ணப்பித்த 90 நாட்களுக்குள் இயக்குநர் ஆபத்து மதிப்பீட்டை முடித்து, முடிவைக் காரணங்களுடன் அச்சமூகத்தின் மொழியில் எழுத்தாகத் தர வேண்டும். (2) 90 நாளில் முடியாவிட்டால், தாமதத்தின் காரணத்தையும் புதிய தேதியையும் தர வேண்டும். புதிய தேதி 60 நாளைத் தாண்டக் கூடாது. (3) இடமாற்றம் தேவை என்று முடிவானால், புதிய நிலத்தின் மீதான உரிமை எழுத்தில் உறுதியாகும் முன் எந்தக் கட்டுமானமும் நிலச் சமன்படுத்தலும் தொடங்கக் கூடாது. (4) இயக்குநரின் முடிவில் குறை இருப்பவர் 60 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்."

"சமூகத்தின் மொழியில்" என்பது அலங்காரம் அல்ல. ஆங்கில அறிக்கையைக் கிராமக் கூட்டத்தில் யாரோ வாய்மொழியாகச் சொல்லும்போது, "இடம் மாறலாம்" என்பது "மாறியாக வேண்டும்" ஆகிவிடும். 60, 90 என்ற எண்கள் உங்கள் நாட்டின் படகுப் போக்குவரத்தைப் பொறுத்தவை. வெளித்தீவுக்கு மாதம் ஒரு கப்பல் என்றால் 90 போதாது.

சம்மதம் எப்படி அளக்கப்படும் என்பதையும் எழுதுங்கள். எத்தனை சதவீதம், யார் வாக்களிக்கலாம், பெண்களும் இளைஞர்களும் தனித்தனியாகக் கேட்கப்பட்டார்களா, தலைநகரில் வேலைக்குப் போயிருப்பவருக்கு வாக்கு உண்டா, நகர மறுக்கும் குடும்பத்துக்குப் பள்ளிக்கூடமும் தண்ணீரும் எதுவரை தொடரும். கடைசிக் கேள்விதான் கசப்பானது. பதில் எழுதாமல் விட்டால் மறுத்த குடும்பங்களுக்கு மின்சாரத்தைத் துண்டிப்பதே மறைமுகக் கட்டாயமாகிவிடும்.

நகர்த்தும் திட்டத்தில் வீடு மட்டும் இருந்தால் பணி தோற்கும். சமையற்கட்டு, வடிகால், கழிப்பறை, தேவாலயம் அல்லது கோயில், கல்லறை, படகுத்துறைக்குப் பாதை, தோட்ட நிலம் ஆகியவற்றை அட்டவணையாக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான துறையை எதிரே போடுங்கள். கடலில் மீன்பிடித்து வாழ்ந்தவர் மலைமேல் போனபின் கரைக்கு வர ஒரு மணி நேரம் நடக்க வேண்டுமென்றால் பழைய இடத்துக்கே திரும்பி வந்து குடிசை போடுவார்.

குத்தகைக்காரர்கள்: வழிகாட்டுதல்கள் தவறவிடும் கூட்டம்

பிஜி நிலத்தில் ஏறக்குறைய 87 சதவீதம் ஈதௌகேய் நிலம். மத்தங்காலி என்ற குலப்பிரிவுகளுக்குச் சொந்தம், விற்க முடியாது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களின் வழித்தோன்றல்கள் பெரும்பாலும் இந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு பயிரிட்டவர்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியே போன தமிழர், தெலுங்கர், மலையாளிகளின் குடும்பங்களும் அவர்களில் உண்டு. 1926-இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகளையும் நாந்தியில் பெரிய கோயிலையும் நடத்துகிறது. 1976 சட்டப்படி விவசாயக் குத்தகை குறைந்தது 30 ஆண்டு. 1997 முதல் குத்தகைகள் முடியத் தொடங்கியபோது பல குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின.

இப்போது ஆற்றங்கழிமுகத்தில், உப்பேறிய கரும்பு வயலில், 12 ஆண்டு குத்தகை மீதமிருக்கும் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் "கிராமம்" அல்ல. துராங்கா நி கோரோ என்ற கிராமத் தலைவரும் அவர்களுக்கு இல்லை. வீடுகள் தோட்டத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். நகர்த்தப் போவது கிராமத்தைத்தான் என்று எழுதிய சட்டம் அவர்களைப் பார்க்காது. நிலமும் அவர்களுடையதல்ல, ஆகவே நில இழப்புக்கு இழப்பீடும் இல்லை.

செய்ய வேண்டியவை: வரையறையில் "கிராமம்" என்பதோடு "குடியிருப்பு, குத்தகைக் குடும்பம், முறைசாராக் குடியிருப்பு" என்று சேர்ப்பது. மீதக் குத்தகைக் காலத்தை மாற்று நிலத்துக்கு மாற்றும் அதிகாரத்தை நில அறக்கட்டளை வாரியத்துக்குத் தருவது, உரிமையாளர் குலத்தின் சம்மதத்தோடு. நில உரிமையாளருக்கு வாடகை இழப்பை நிதியத்திலிருந்து ஈடு செய்வது. இல்லையேல் அவர் சம்மதிக்க என்ன காரணம்? வீடு, கிணறு, வேலி போன்ற மேம்பாடுகளுக்கான இழப்பீட்டை, நிலம் கடலால் பயனற்றுப் போனாலும் கிடைக்கும்படி எழுதுவது. கலந்தாய்வுக்கு மாவட்ட அலுவலரையும் அப்பகுதி ஆலோசனை உறுப்பினரையும் அழைப்பது. கூட்டம் பிஜி இந்தியில் நடக்கட்டும்.

பணம்

அரசுத் துறைக்கு ஒதுக்கிய பணம் நிதியாண்டு முடிவில் திரும்பிப் போகும். பிஜியில் நிதியாண்டு ஆகஸ்ட் முதல் ஜூலை வரை. கிராமம் நகர்த்தும் வேலை மூன்று ஆண்டு பிடிக்கும், நடுவில் ஒரு புயல் வந்தால் நான்கு. எனவே தனி அறக்கட்டளை நிதி. பிஜி இதற்குச் சுற்றுச்சூழல், காலநிலைத் தகவமைப்பு வரியின் வருவாயில் ஒரு பங்கைக் கட்டியது. ஹோட்டல் போன்ற சேவைகளின் மீது விழுந்த அந்த வரி 2017-இல் 10 சதவீதம். 2020-இல் கோவிட் வந்து சுற்றுலா முடங்கியதும் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சுற்றுலா வரியில் மட்டும் நிற்கும் நிதி, புயலோ தொற்றோ வந்து பணம் அதிகம் தேவைப்படும் ஆண்டில்தான் வற்றும். இரண்டாவது ஊற்று ஒன்றைச் சேருங்கள்: எரிபொருள் இறக்குமதித் தீர்வையில் சிறு பங்கு, மீன்பிடி உரிமக் கட்டணத்தில் பங்கு, கொடையாளர் பணம்.

நிதிப் பிரிவில் மறக்காமல் எழுத வேண்டியவை: ஆண்டு முடிவில் மீதி காலாவதியாகாது. வட்டி நிதிக்கே சேரும். சம்பளம், வாகனம், வெளிநாட்டுப் பயணத்துக்குச் செலவிடக் கூடாது. நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று அமைச்சகத்துக்கு வெளியே. தணிக்கை அறிக்கை நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்தில் நாடாளுமன்றத்தில். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் பெரிய கொடையாளர்கள் பணத்தை நிதிக்குத் தராமல் தங்கள் திட்ட அலுவலகம் வழியாகவே செலவிடுவார்கள்.

கடன் சட்டத்தையும் தொடுங்கள். பேரிடர் ஆண்டில் தவணையைத் தள்ளிவைக்கும் பிரிவைக் கிரெனடா தன் கடன் பத்திரங்களில் வைத்திருந்தது. 2024-இல் பெரில் புயலுக்குப் பிறகு அதைப் பயன்படுத்தியது. இனி வாங்கும் கடன் ஒவ்வொன்றிலும் இப்படிப் பிரிவு கேட்டுப் பேச நிதியமைச்சர் கடமைப்பட்டவர் என்று ஒரு வரி போதும்.

கடல் எல்லை

பிஜியின் நிலம் 18,270 சதுர கிலோமீட்டர். அதன் பிரத்தியேகப் பொருளாதாரக் கடல் மண்டலம் (மீன் முதலான வளங்களை எடுக்கும் உரிமை அந்நாட்டுக்கே உள்ள கடல்) அதைப்போல் ஏறத்தாழ 70 மடங்கு. அந்தக் கடலை அளப்பது கரையின் தாழ்நீர்க்கோட்டிலிருந்தோ, வெளித்தீவுகளின் ஓரப் புள்ளிகளை இணைக்கும் தீவுக்கூட்ட அடிக்கோடுகளிலிருந்தோ. ஒரு பாறைத்திட்டு மூழ்கினால் அதிலிருந்து அளந்த 200 கடல்மைலும் கேள்விக்குள்ளாகும் என்ற அச்சம் நீண்ட நாளாக இருந்தது. பசிபிக் தீவுகள் மன்றம் 2021 ஆகஸ்ட் 6 அன்று, ஒருமுறை நிறுவிய எல்லைகள் கடல் உயர்ந்தாலும் குறையாது என்று அறிவித்தது. பன்னாட்டு நீதிமன்றமும் 2025 ஜூலை 23 அன்று தந்த ஆலோசனைக் கருத்தில், முறையாக நிறுவிய ஆயத்தொலைகளைக் கடல்மட்ட உயர்வுக்காகப் புதுப்பிக்க வேண்டிய கடமை கடல் சட்ட ஒப்பந்தத்தில் இல்லை என்றது.

"முறையாக நிறுவிய" என்பதில்தான் வேலை. வரைபடத்தில் கோடாக மட்டும் இருப்பது போதாது. அடிக்கோட்டுப் புள்ளிகளை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகப் பட்டியலிட்டு, எந்தப் புவியளவை அடிப்படை (பெரும்பாலும் டபிள்யூஜிஎஸ் 84) என்று குறிப்பிட்டு, அரசிதழில் வெளியிட்டு, ஐ.நா. பொதுச்செயலரிடம் ஒப்படைக்க வேண்டும். தீவுக்கூட்ட அடிக்கோடு ஒன்று 100 கடல்மைலைத் தாண்டக் கூடாது, மொத்தத்தில் 3 சதவீதம் மட்டும் 125 வரை போகலாம். நீருக்கும் நிலத்துக்கும் விகிதம் 1:1 முதல் 9:1-க்குள் இருக்க வேண்டும். பக்கத்து நாட்டோடு எல்லை பேசி முடிக்காத இடங்களைத் தனி அட்டவணையில் வையுங்கள். அவை தாமதமாவதால் மொத்தப் பட்டியலும் தாமதமாக வேண்டாம். பிஜியைப் போலவே உங்கள் நாட்டிலும் பழைய கடற்பரப்புச் சட்டம் இருக்கும். "தாழ்நீர்க்கோடு அவ்வப்போது உள்ளபடி" என்ற சொற்கள் அதில் கிடந்தால் முதலில் அதை வெட்டுங்கள், இல்லையேல் புதிய சட்டத்தின் நிரந்தர எல்லைப் பிரிவோடு மோதும்.

கார்பன் யாருடையது

காட்டுக் கார்பனை விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இந்தப் பகுதி தேவை. பிஜி 2021 ஜனவரியில் உலக வங்கியின் காட்டுக் கார்பன் நிதியத்தோடு 1.25 கோடி அமெரிக்க டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. வனுவா லெவுவின் ட்ராவா காட்டுக் குலங்கள் ஏற்கெனவே கூட்டுறவாகச் சேர்ந்து கார்பன் வரவு (காட்டைக் காத்து உமிழ்வைத் தவிர்த்ததற்கான விற்கத்தக்க சான்று) விற்கின்றன. நிலம் குலத்துக்கு, மரம் வெட்டும் உரிமம் கம்பெனிக்கு, குத்தகை விவசாயிக்கு என்றால் மரம் உறிஞ்சிய கார்பன் யாருக்கு? சட்டம் அதைத் தனிச் சொத்துரிமையாக வரையறுத்து, நிலப் பதிவேட்டில் பதிய வைக்க வேண்டும். வெளிநாட்டுக்கு விற்றதை நாட்டின் சொந்தக் கணக்கில் காட்டக் கூடாது. இரட்டை எண்ணிக்கையைத் தடுக்கப் பதிவேட்டை ஒரே அலுவலகம் வைத்திருக்கட்டும். வருவாய்ப் பங்கீடு ஒப்பந்தத்தில் எழுதாமல் எந்த விற்பனைக்கும் அனுமதி இல்லை என்று ஒரு தடைப் பிரிவும் வேண்டும்.

உமிழ்வுக் குறைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2050-இல் நிகர பூஜ்யம் என்ற இலக்கை பிஜி சட்டத்திலேயே வைத்தது. தீவு நாட்டில் உமிழ்வின் பெரும்பகுதி டீசல் மின்சாரம், தீவிடைக் கப்பல், வாகனம் என்று மூன்று இடத்தில் இருக்கும். அந்த மூன்றுக்கும் விதி இயற்றும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

கலந்தாய்வும் தொடக்கத் தேதியும்

பிஜி தன் வரைவை 2019-இல் பொதுக் கருத்துக்கு வைத்தது, சட்டமானது 2021-இல். இரண்டு ஆண்டு அதிகமல்ல. ஈதௌகேய் கிராமத்தில் யங்கோனா வேரை முன்வைத்துச் செவுசெவு என்ற வரவேற்புச் சடங்கைச் செய்யாமல் கூட்டம் தொடங்காது. அதற்கு நாள் ஒதுக்குங்கள். கிராமத்துக்கு முன் மாகாண அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், 14 மாகாணங்கள். முழு மசோதாவைக் கையில் கொடுக்காதீர்கள். அந்தப் பகுதியைத் தொடும் நான்கைந்து பிரிவுகளை மட்டும் இரண்டு பக்கத்தில், அவர்கள் மொழியில். கேட்ட ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே "ஏற்கப்பட்டது, மறுக்கப்பட்டது, காரணம்" என்று எழுதி அதே கிராமத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். இதைச் செய்யாததால்தான் அடுத்த முறை போகும்போது கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை.

"அமைச்சர் அரசிதழில் அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்" என்ற வாக்கியம் பல நல்ல சட்டங்களை அலமாரியில் வைத்திருக்கிறது. அதன் பின்னால் "அறிவிக்காவிட்டால், ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து 12 மாதம் முடிந்ததும் தானாகவே நடைமுறைக்கு வரும்" என்று சேருங்கள். சம்மதம் அளப்பது, விண்ணப்பப் படிவம், கார்பன் பதிவேடு, நிதியின் செலவு வரம்பு ஆகிய நான்குக்குமான விதிகளை மசோதாவோடு சேர்த்தே நாடாளுமன்றத்தில் வையுங்கள். தனியாக எழுதலாம் என்று தள்ளினால், எழுதத் தெரிந்த ஒருவரும் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். இடமாற்ற விண்ணப்பப் படிவம் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளன்றே எல்லா மாகாண, மாவட்ட அலுவலகங்களிலும் மூன்று மொழிகளில் அச்சிட்டுக் கிடைக்க வேண்டும். 90 நாள் கடிகாரம் ஓடத் தொடங்குவது அந்தத் தாளைப் பெற்றதற்கு முத்திரை குத்திய தேதியிலிருந்துதான். அந்த முத்திரைத் தேதியே ஆதாரம் என்பதைப் படிவத்தின் அடியிலேயே அச்சடித்துவிடுங்கள்.